ஏழு மாரிக் கோட்டை

சாச்சா கட்டாரிலிருந்து அனுப்பிய கார்கோப் பெட்டி வந்த அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் பகல் சோற்று நினைவு வரவில்லை. பெட்டி என்றால் சின்னப் பெட்டி அல்ல. நான் உள்ளே இறங்கிக் குந்திக்கொண்டால் மேலே மூடிவிடலாம். சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குக் கார்கோ வந்தால், அதை இறக்கிய லொறி முடுக்குத் திரும்புவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் எல்லோரும் சாச்சாவின் சுகம் விசாரிக்க வருவார்கள். சுகம் விசாரிக்கும்போது கண் பெட்டியில் இருக்கும்.

சாச்சா என்பது உம்மாவின் தங்கை புருஷன். சாச்சியைக் கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட நிறையாமல் விமானம் ஏறியவர். டோஹாவில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் அவருக்கு வேலை. சாச்சியின் வீடு எங்கள் வளவிலேயே, எங்கள் வீட்டோடு ஒட்டிக் கட்டியது. நடுவில் மதில் கிடையாது. சாச்சா போன பிறகு அந்த வீட்டைப் பூட்டிவிட்டு சாச்சி பகலும் இரவும் எங்களோடுதான் இருந்தார். எனவே பெட்டியும் எங்கள் ஹோலில்தான் பிரிக்கப்பட்டது.

பால்மா, கம்பளி, சவர்க்காரம், தைலம் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, அடியில் மூலை நசுங்கிய ஒரு மட்டைப் பெட்டி கிடந்தது. அதற்குள் மினுமினுக்கும் சிறிய உறைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. டொபி என்று நினைத்து நானும் எனக்கு மூத்தவனான காக்காவும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். பிரித்தால் உள்ளே அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், சில எண்கள், பொடி எழுத்தில் இங்கிலீசு. நெருப்பு மூச்சு விடும் பறக்கும் பாம்பு, கொம்பு வைத்த பெண், கண்ணாடி போன்ற கோட்டை, வெள்ளை நிலத்தில் வெள்ளைக் குதிரை ஓட்டும் வீரன். உள்ளங்கையளவு இடத்துக்குள் அவ்வளவு படத்தை அதுவரை நான் கண்டதில்லை. தின்ன முடியாத பொருள் என்ற கவலை எனக்கு உடனே போய்விட்டது.

உம்மாவுக்குக் கவலை அப்போதுதான் வந்தது. காட்ஸ் என்றால் சூது, சூது வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். சாச்சி ஒரு பிடி அட்டையை எடுத்து விரித்து, இதில் இஸ்பேட்டும் இல்லை, ஆட்டினும் இல்லை, எல்லாம் பூதப் படம்தான் என்று காட்டினார். பூதம் என்றதும் உம்மாவின் முகம் இன்னும் மோசமானது. கடைசியில் வழக்கு வாப்பாவிடம் போனது. வாப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, பந்தயம் வைக்காமல் விளையாடினால் விளையாட்டு, வைத்தால் சூது, பிள்ளைகள் ஓதப் போகிற நேரத்துக்கு ஓதப் போகவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

காக்கா என்னைவிட மூன்று வகுப்பு மேல். பாடசாலையில் இங்கிலீசுக்குப் பரிசு எடுத்தவன். அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியின் முகப்பில் இருந்த இங்கிலீசைத் தமிழில் பெயர்த்தான். பெயர் ‘ஏழு மாரிக் கோட்டை’ என்று வந்தது. மாரி என்றால் எங்களுக்குத் தெரியாதா? கார்த்திகை மார்கழியில் முடுக்கெல்லாம் வெள்ளம் நிற்கும், தவளை குசினிக்குள் வரும், பள்ளிக்கூடம் பூட்டும். அப்படியான மாரி ஏழு அடுத்தடுத்து வந்தால் ஒரு கோட்டையின் கதி என்ன? படத்தில் எல்லாம் வெள்ளையாக இருப்பது வெள்ளம் என்பதால்தான் என்று நானும் தெருப் பிள்ளைகளும் முடிவு செய்துகொண்டோம்.

பெட்டியின் பின்பக்கத்தைப் பெயர்த்தபோதுதான் இடி விழுந்தது. இது முழு விளையாட்டு அல்ல. ஏற்கெனவே இருக்கிற ஒரு விளையாட்டுக்கு மேலதிகமாக வந்த விரிவாக்கம். அடிப்படைப் பெட்டி இல்லாமல் இதை விளையாட முடியாது. விதிமுறைகளும் அந்த அடிப்படைப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

காக்கா அகராதியை மூடினான். அன்று பின்னேரம் சாச்சா போனில் வந்தபோது நாங்கள் சலாம் சொல்வதற்கு முன்னமே முறையிட்டோம். அவர் சிரித்தார். மூலை நசுங்கியதால் விற்க முடியாது என்று கடைக்காரர் அவருக்குக் கொடுத்த பெட்டியாம் அது. அடிப்படைப் பெட்டி நசுங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அது நசுங்கவேண்டும் என்று நான் சில நாள் தொழுகைக்குப் பிறகு துஆகூடக் கேட்டேன்.

சாச்சி துஆவோடு நிற்கவில்லை. மறுநாள் நடுப்பகல் ளுஹர் தொழுது, சாப்பிட்டு, ஏனங்கள் கழுவி வைத்த பிறகு ஹோலில் பாயை விரித்து அத்தனை அட்டைகளையும் பரப்பினார்.

“விளையாட்டு இதுக்குள்ளதான் இரிக்கும். தேடிப் பாப்பம்,” என்றார்.

சாச்சி தேடிய விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அவர் எழுத்தை முதலில் பார்க்கவே இல்லை. எண்ணைப் பார்த்தார். அட்டையின் மேல் மூலையில் நீல நிறத்தில் தண்ணீர்த் துளி போல ஒரு குறி, அதற்குள் ஓர் எண். அந்த எண்ணின்படி அட்டைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினார். அடுக்கி முடித்ததும் எங்களைப் பார்க்கச் சொன்னார். இந்தப் பக்கம் எலி, நாய், ஈட்டி பிடித்த சிறுவன். அந்தப் பக்கம் போகப் போகக் குதிரை வீரன், இராட்சதன், கடைசியில் பறக்கும் பாம்பு.

“பெரிய ஆளக் கூப்பிடக் கனக்கத் தண்ணி வேணும். விளங்கிச்சா?”

விளங்கியது. கீழே வாளுக்குள் ஓர் எண், கேடயத்துக்குள் ஓர் எண். அடிப்பது எவ்வளவு, தாங்குவது எவ்வளவு என்பதை நானே சொல்லிவிட்டேன். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதுதான் எங்களிடம் இல்லாத அடிப்படைப் பெட்டிக்குள் இருக்கவேண்டும். காக்கா இனி வழியில்லை என்றான். வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சாச்சி கேட்டார். வாய்க்காலிலிருந்து என்றேன். ஒரேயடியாக வருமா, கொஞ்சம் கொஞ்சமாகவா? கொஞ்சம் கொஞ்சமாக. அவ்வளவுதான். ஒவ்வொருவர் முறையும் ஒரு போகம் ஆனது. ஒவ்வொரு போகமும் வாய்க்கால் கதவு திறக்கும். போன போகத்தைவிட ஒரு பங்கு தண்ணீர் கூட வரும். தண்ணீருக்குக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி. கோட்டைக்குத் தீக்குச்சி, அடி விழ விழக் குச்சி குறையும். தோற்ற அட்டைகளை ஒதுக்கிவைக்கும் இடத்துக்கு ‘வெளிநாடு’ என்று சாச்சி பெயர் வைத்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதோடும் அவர் விடவில்லை. காக்காவும் அவரும் திரும்பத் திரும்ப விளையாடிப் பார்த்தார்கள். முதலில் தொடங்குபவரே எப்போதும் வெல்கிறார் என்று சாச்சி கண்டுபிடித்தார். ‘தொடங்குகிறவனுக்கு அது அதிர்ஷ்டம்’ என்று காக்கா விட்டுவிடப் பார்த்தான். சாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அதிர்ஷ்டத்தை முன்கூட்டியே எழுதிவைத்தால் பிறகு விளையாடுவது எதற்கு என்று கேட்டு, இரண்டாவது ஆளுக்கு ஒரு சிப்பி கூடக் கொடுத்தார். விளையாட்டு நேரானது. தராசுத் தட்டில் ஒரு சின்னக் கல்லை வைத்துச் சரிபார்த்தது போல இருந்தது எனக்கு.

எண்ணெல்லாம் முடிந்த பிறகு எழுத்துக்கு வந்தார்கள். அது காக்காவின் அதிகாரம். அட்டைகளில் ஒரு கிழவன் இருந்தான். கையில் விளக்கு, முதுகில் மூட்டை. அவனைக் களத்தில் இறக்கினால் என்ன நடக்கும் என்று கீழே ஒரு வரி. காக்கா அகராதியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இவன் வந்தா ஒரு காட் கீறணும்,” என்றான்.

“நகத்தாலயா?” என்று நான் கேட்டேன்.

“படம் கீறுற, மடச்சி.”

சாச்சி அந்த அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ஓம், அப்பிடித்தான் போட்டிரிக்கி. கலர் பென்சிலக் கொண்டு வா,” என்றார்.

அப்படித்தான் எங்கள் விளையாட்டு வேறொன்றாக மாறியது. விளக்குக் கிழவன் வந்தால், இறக்கியவர் பிரிஸ்டல் போட் என்ற தடித்த தாளில் வெட்டிய ஒரு வெற்று அட்டையில் புதிதாக ஒரு பாத்திரத்தை வரையவேண்டும். எண்களும் போட்டு, அதன் வேலை என்னவென்றும் எழுதவேண்டும். கண்டபடி எழுதினால் விளையாட்டுக் கெட்டுவிடும் என்பதால் சாச்சி ஒரு சட்டம் வைத்தார். விளையாடும் எல்லோரும் ஒருவர் விடாமல் சரி சொன்னால்தான் அது அட்டை. ஒருவர் தலையாட்டாவிட்டாலும் திருத்தவேண்டும்.

அந்தச் சட்டத்தால் எங்கள் ஹோலில் நடந்த வாதங்களைப் போலப் பிரதேச சபையில்கூட நடந்திருக்காது. நான் வரைந்த கடலாமை அடிக்காது, ஆனால் எதையும் தாங்கும். காக்கா வரைந்த வயல் யானை எதிராளியின் பக்கம் புகுந்து மிச்சமிருக்கும் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளை ஐஸ்கிரீம் வண்டி வரைந்தாள். அதன் பாட்டுக் கேட்டால் எதிராளியின் சிறுவர் படை முழுக்கக் களத்தை விட்டு ஓடிவிடும். சாச்சி வரைந்தது முகத்துவாரம். மாரியில் கடலோரத்து ஏரியான களப்பு முட்டி வெள்ளம் ஏறும்போது மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு விடுவார்களே, அது. அந்த அட்டை விழுந்தால் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரு சிப்பி மிச்சமில்லாமல் கடலுக்குப் போய்விடும். வெட்டுண்ட மணலையும் சீறிப் போகிற தண்ணீரையும் சாச்சி வரைந்திருந்ததைப் பார்த்தால், கடையில் அச்சடித்த கோட்டையெல்லாம் பொம்மை வீடாகத் தெரிந்தது.

ஒருநாள் நான் உம்மாவையே வரைந்துவிட்டேன். கையில் அகப்பை. அடி நாலு. வேலை: ‘மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் எல்லா அட்டையும் எழும்பிப் போகவேண்டும்.’ எல்லோரும் ஒரே குரலில் சரி சொன்ன ஒரே அட்டை அதுதான். அடுத்த நாள் பாயைத் தட்டும்போது அது உம்மாவின் கையில் அகப்பட்டது. உம்மா நெடுநேரம் பார்த்தார். காக்கா மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

“அந்தப் பாம்புக்கு ஒம்பது. எனக்கு நாலா?” என்றார் உம்மா.

சாச்சி பென்சிலை எடுத்து நாலை வெட்டிப் பத்து போட்டார். அதன்பிறகு உம்மா சூதைப் பற்றிப் பேசவில்லை. பின்னேர அஸருக்குப் பிறகு பாயைச் சுற்றி எத்தனை பிள்ளை இருந்தாலும் பிளேன்டீ வந்தது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்தார். உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்தவர் அவர். அவருடைய மகன், அதாவது எங்கள் மச்சான், காக்காவின் வயது. தமிழ் பேசுவான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துத்தான் எடுத்து வைப்பான். வந்த அன்றே ஹோலில் பரப்பியிருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். இது அவனுடைய விளையாட்டு. அடிப்படைப் பெட்டி அவன் பயணப் பைக்குள்ளேயே இருந்தது. ஏழு மாரிக் கோட்டை மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. கடைக்கு வந்த கிழமையே முடிந்துபோய்விட்டதாம். லண்டனில் இல்லாதது எங்கள் பாயில் கிடந்த அந்த நொடியின் பெருமையை நான் இன்னும் முழுதாகச் செலவழித்து முடிக்கவில்லை.

பெருமை அன்று பின்னேரம்வரைதான் நீடித்தது. அச்சு அட்டைகளுக்கு நடுவில் யானையும் ஆமையும் ஐஸ்கிரீம் வண்டியும் கிடப்பதைப் பார்த்து மச்சான் இவை என்ன என்று கேட்டான். காக்கா விளக்குக் கிழவனை எடுத்து, வரியைக் காட்டி, இங்கிலீசிலேயே விளக்கினான். மச்சான் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு அல்ல. சிரிப்பு வந்தால் சிரிக்கிற பிள்ளை அவன்.

“இந்த ‘ட்ரோ’ படம் இல்ல. மேல இருந்து ஒரு காட் எடுக்கிறது. சும்மா எடுக்கிறது,” என்றான்.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, அதைப் பார்த்து எல்லாம் சிரித்தன. நானும் சிரித்திருப்பேன், காக்காவின் காது சிவந்ததைக் கண்டு வாயை மூடிக்கொண்டேன். இங்கிலீசுக்குப் பரிசு எடுத்தவன் அவன். தான் வரைந்த அட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு அவன் பாய்ப் பக்கமே வரவில்லை. மச்சான் தன் அடிப்படைப் பெட்டியைத் திறந்து சரியான விதிப்படி சொல்லிக்கொடுத்தான். தெருப் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். நாங்கள் வரைந்ததெல்லாம் செல்லாத அட்டை என்று ஒரு பக்கத்தில் குவிந்தது. காக்கா அஸர் தொழுதுவிட்டு நேரே கடற்கரைக்குப் போவான், பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் வருவான். உம்மா கேட்டால் கிரிக்கெட் என்பான். மட்டை வீட்டில்தான் இருந்தது.

சாச்சி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மச்சானுக்கு எதிரே பாயில் வந்து அமர்ந்தார்.

“உங்கட விளையாட்ட எனக்கும் காட்டுங்க மனே.”

மச்சான் காட்டினான். சாச்சி அவனுடைய விதிப்படி விளையாடித் தோற்றார். இன்னொருமுறை என்றார், இன்னும் மோசமாகத் தோற்றார். எனக்கு அழுகை வந்தது. சாச்சிக்கோ அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஒவ்வொரு அட்டை விழும்போதும் இது ஏன், அது எப்படி, இதை யோசித்தவன் கெட்டிக்காரன் என்று கேட்டும் வியந்தும் கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாகவும் தோற்கலாம் என்பதை அன்றுதான் கண்டேன். முடிந்ததும் சிப்பிப் பையை நடுவில் கொட்டினார். இப்போது எங்கள் விதிப்படி ஒன்று என்றார்.

மச்சான் தயங்கினான். “மாமி, அது உண்மையான விளையாட்டு இல்ல.”

சாச்சி பறக்கும் பாம்பு அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“இத ஆரு கீறின? எங்கயோ ஒராள் மேசையில இரிந்து கீறினதான? நாங்க பாயில இரிந்து கீறினம்.”

அவன் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றான். போகம் போகமாக ஆட்டம் நகர்ந்தது. நடுவில் விளக்குக் கிழவன் மச்சானின் கையில்தான் வந்தான். சாச்சி வெற்று அட்டை ஒன்றையும் பென்சில் டப்பாவையும் அவன் பக்கம் தள்ளினார். மச்சான் பென்சிலை எடுத்தான். என்ன வரைவது என்று தெரியவில்லை என்றான். உங்கள் ஊரில் எங்களுக்குத் தெரியாதது எது என்று சாச்சி கேட்டார். அவன் குனிந்து வரையத் தொடங்கினான்.

சாச்சி என் பக்கம் திரும்பினார். “காக்காவக் கூட்டி வா. எல்லாரும் சரி என்டாத்தான் காட். அவன் இல்லாம சரி வரா.”

கடற்கரையில் இழுத்துவைத்த தோணி ஒன்றின் நிழலில் காக்கா இருந்தான். வரமாட்டேன் என்றான். சட்டம் அப்படி, நீ வராவிட்டால் ஆட்டம் நடக்காது என்றேன். மச்சான் வரைகிறானா என்று கேட்டான். ஓம் என்றேன். எழுந்து மணலைத் தட்டினான். ‘சரியில்லை’ என்று சொல்வதற்காகத்தான் வருகிறான் என்பது அவன் நடந்த வேகத்திலேயே தெரிந்தது.

நாங்கள் வந்தபோது மச்சானின் அட்டை தயாராக இருந்தது. காக்கா அதைக் கையில் எடுத்தான். தாள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பஸ், ஒரு விளக்குக் கம்பம்.

“ஒண்டுமே கீறல்லயே,” என்றான் காக்கா.

“அதுதான் ஸ்னோ,” என்றான் மச்சான்.

கோட்டைப் படங்களில் இருந்த வெள்ளை வெள்ளம் அல்ல, பனி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் அட்டைகளில் இருந்த ஏழு மாரியும் பனிக்காலம். காக்கா மாரி என்று பெயர்த்த முதல் சொல்லே பிழை. நான் அவன் காதைப் பார்த்தேன். அவனோ அட்டையைக் கீழே வைக்காமல் மச்சானுக்குப் பக்கத்தில் குந்திவிட்டான்.

“விழக்குள்ள சத்தம் கேக்குமா? மழ மாதிரி?”

“இல்ல. ஒரு சத்தமும் இல்ல,” மச்சான் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னான். “காலைல எழும்பினா எல்லாம் அமைதி. கார் சத்தம் இல்ல. அப்ப தெரியும், ஸ்னோ வந்திருக்கு. ஸ்கூல் இல்ல. உம்மா வேலைக்குப் போகேலாது. எல்லாரும் வீட்டில.”

பஸ் வராத அந்தக் காலையைப் பற்றிக் காக்கா இன்னும் என்னென்னவோ கேட்டான். குளிர் கையைச் சுடும் என்பது பொய்யா, மிதித்தால் உள்ளே போகுமா, மிச்சப் பனியை யார் அள்ளுவது. மச்சான் பதில் சொல்லச் சொல்ல, தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். நாங்கள் மாதக்கணக்கில் கையில் வைத்து விளையாடிய கோட்டைக்குள் அன்றுதான் முதன்முதலாக ஒருவன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

அட்டையின் வேலை: ‘ஒரு போகம் யாரும் யாரையும் அடிக்க முடியாது.’ காக்கா யோசித்தான். “சரி. ஆனா மூண்டு தண்ணி போதா. அஞ்சு போடு,” என்றான். மச்சான் மூன்றை அழித்து ஐந்து போட்டான். பனி எங்கள் விளையாட்டுக்குள் வந்தது. அந்த ஆட்டத்தில் சாச்சி முகத்துவாரத்தை வெட்டி வென்றார். மச்சான் உடனே இன்னொன்று கேட்டான்.

விடுமுறை முடியும்வரை கடற்கரைக்குக் காக்கா தனியே போகவில்லை. அவனும் மச்சானும் சேர்ந்து ஒரு முழு வரிசையே வரைந்தார்கள். அதில் லண்டனின் பாதாள ரயிலும் இருந்தது, எங்கள் பக்கத்துக் கோமாரிக் கடலின் சுறாவும் இருந்தது. புறப்படும் நாள் மச்சான் வயல் யானையைக் கேட்டான். அதற்கு மாற்றாகத் தன் அடிப்படைப் பெட்டியை அப்படியே தருவதாகச் சொன்னான். காக்கா கொடுக்க மனமில்லாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். அவன் நடிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. யானை லண்டனுக்குப் போனது.

பெட்டிக்குள் விதிப் புத்தகம் இருந்தது. காக்கா வரி வரியாகப் பெயர்த்து, சாச்சி கண்டுபிடித்ததோடு ஒப்பிட்டான். துளி என்பது விலை: சரி. வாள், கேடயம்: சரி. ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுவது: சரி. இரண்டாவது ஆளுக்குச் சலுகைகூட இருந்தது. ஒவ்வொரு சரிக்கும் நான் கைதட்டினேன். யாரோ ஒரு தூர தேசத்தில் பல பேர் கூடி யோசித்ததை, எங்கள் சாச்சி ஹோலில் பாயை விரித்து, சோறு ஆக்குவதற்கும் அஸருக்கும் இடையில் யோசித்து முடித்திருந்தார். விதிகளில் பிழைபோனது விளக்குக் கிழவனின் ‘ட்ரோ’ ஒன்றுதான். அது தன் பிழை, சாச்சியின் பிழை அல்ல என்று காக்கா தாராளமாக ஒத்துக்கொண்டான். சாச்சி சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டப்படிப்புக்குக் கம்பஸ் போன காலத்தில் இந்தக் கதையை நான் வேறு மாதிரிச் சொல்லத் தொடங்கியிருந்தேன். அத்தனையும் சரியாகக் கண்டுபிடித்தவருக்கு, உயர்தரம் படித்தவருக்கு, அந்த ஒரு சொல் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்திருக்கும். காக்காவின் முகம் வாடக்கூடாது என்று விட்டுக்கொடுத்திருப்பார். கேட்ட தோழிகள் எல்லோரும் நல்ல மனுசி என்றார்கள். எனக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது.

போன பெருநாளுக்குச் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சாச்சா ஊரோடு வந்து, கடை போட்டு, தாடியும் நரைத்துவிட்டார். சாச்சியின் கடைசி மகன் போனில் அட்டை விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தான். அதைப் பார்த்ததும் பழசு கிளம்பியது. காக்காவுக்காக நீங்கள் செய்தது பெரிய காரியம் சாச்சி என்று நான் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அவனுக்காகவா? இல்ல புள்ள. எனக்குக் கீற ஆசையா இரிந்திச்சி. கல்யாணம் முடிச்சவ கலர் பென்சிலோட குந்தியிருந்தா ஊரு என்ன சொல்லும்? காட்ல கீறச் சொல்லியிரிக்கி என்டா ஆரு என்ன கேக்கேலும்?”

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. இன்றைய என்னைவிடச் சின்னவர். எங்களுக்கு அவர் பெரிய மனுசி. பெரிய மனுசி ஒருவர் எங்களுக்காக இறங்கிவந்து பாயில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முகத்துவாரத்தை வரைந்த அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தானை தோளிலிருந்து நழுவியது தெரியாமல், பிளேன்டீ ஆறிப்போனது தெரியாமல், சாச்சி பிரிஸ்டல் போட்டின் மேல் குனிந்திருந்தார். சீறும் தண்ணீரின் ஒரு வளைவை அழித்து, திரும்பப் போட்டு, அதையும் அழித்தார். அடுத்த போகம் என்னுடையது. கெதியாக முடியுங்கள் என்று நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிமிரவில்லை. காது கேட்கவில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டு இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.